சூசையப்பர் இலை

கந்தவனம் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவருடைய வலது கால் என் மடியில் இருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் கழுவி எடுத்த காலைப் புதுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். குதிகால் வெடிப்பில் ஐஸ் கம்பெனியின் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்திருந்தது, துண்டின் முனையைத் திருகி அதையும் எடுத்தேன். அவர் குனிந்து என் தோளைத் தொட்டு, காணும் தம்பி, என்றார். அவர்கள் ஊரில் போதும் என்பதற்குக் காணும் என்பார்கள். மூன்று வருஷம் ஒரே கூரையில் இருந்தவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் இடது காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பணிவில் சொல்கிறார் என்று நினைத்தேன். வருஷா வருஷம் சொல்கிறதுதானே, கூச்சம், வயதில் மூத்தவர், சைவர் வேறு, இன்னொருத்தன் தன் காலைப் பிடிப்பதா என்று நெளிவார். அந்த வருஷம் இரண்டு தரம் சொன்னார். காணும் தம்பி. இரண்டாவது தரம் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, அதையும் நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அரிசி கொதிக்கிற சத்தம் கேட்கிறது. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே மருமகள் ஜெனோவா பூசணிக்காய் நறுக்குகிறாள். தபசு காலம் என்பதால் மீன் வாடை இல்லாத வீடு, சாம்பார், பருப்பு, பாயசம். இந்த வருஷம் விருந்து வேண்டாம் என்று நான் பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லியிருந்தேன். முட்டி மடங்கவில்லை என்று காரணம் சொன்னேன். முட்டி மடங்காதது உண்மைதான். ஜெனோவா கேட்கவில்லை. அத்தை இருந்தா விட்டிருப்பாங்களா மாமா, என்று சொல்லிவிட்டு, கோயில் இளைஞர்களைக் கொண்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து மூன்று பேரை வரச் சொல்லிவிட்டாள். இதோ ஆட்டோவில் வந்துகொண்டிருப்பார்கள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை. அத்தை இருந்தால் விட்டிருக்க மாட்டாள்தான். அவள் எதை விட்டாள், எதை விடவில்லை என்று எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் இது நேர்ச்சை விருந்து. சூசையப்பர் திருநாளன்று மூன்று ஏழைகளை அழைத்து, ஒருவரைச் சூசையப்பர் என்றும் ஒருத்தியை மாதா என்றும் பிள்ளையைப் பாலன் என்றும் வைத்து, இலை போட்டு உட்கார வைப்பது. பல வீடுகளில் உண்டு. மற்றவர்கள் முதலில் காலைக் கழுவிவிட்டு அப்புறம் இலை போடுவார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கால். எங்கள் அப்பா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். இவர்கள் ஏரோது ராசாவுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுகிற குடும்பம், வழியில் நம் வீட்டில் ஏறியிருக்கிறார்கள், வயிற்றை நிரப்பிக் காலைக் கழுவி வழியனுப்ப வேண்டும் என்பார். இன்னொன்றும் சொல்வார். கால் கழுவி முடிக்கிற வரை வந்தவர்களின் பெயரைக் கேட்கக் கூடாது. பெயரைக் கேட்டால் முனியசாமி முனியசாமியாகவே உட்கார்ந்திருப்பான், சூசையப்பர் எழுந்து போய்விடுவார். அப்பாவோடு நின்றுபோன அந்த விருந்தை நான் திரும்ப எடுத்தது கடலுக்குப் பிறகு. கலியாணம் ஆன இரண்டாம் வருஷம், கார்த்திகை மாதத்துக் காற்றில் எங்கள் வள்ளம் கவிழ்ந்தது. கூட வந்த இரண்டு பேர் கிடைக்கவில்லை. நான் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், எந்தப் பக்கம் கரை என்றே தெரியாது, வாயில் உப்பு, உப்பு, நாக்கு தடித்துச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கண் திறந்தபோது அக்கரையில், பேசாலைப் பக்கம், யாரோ ஒருவர் வீட்டுப் பாயில் கிடந்தேன். ஒரு பெண் கஞ்சியை விரலில் தொட்டு என் உதட்டில் தடவினாள். அந்த வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டார், பெரிய சட்டை, தோள் தொங்கியது. நான் யார், எந்த ஊர், என்ன சாதி, ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் ஒரு வள்ளத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நானும் அவர்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். வந்த பிறகு கடலுக்குப் போகவே இல்லை, ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வீட்டாருக்குக் கைம்மாறு செய்ய வழியில்லாததால் சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டேன். உயிர் இருக்கிற வரை வருஷத்துக்கு ஒருநாள் மூன்று பேர். என் பெண்சாதி சலேத்து அதற்கு ஒரு வார்த்தை எதிர் சொன்னதில்லை. வருஷா வருஷம் சூசையப்பருக்குக் கொடுக்கிற புது வேட்டியின் மூலையில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு சிலுவை தைப்பாள், எனக்குக்கூடக் கண்ணாடி போட்டால்தான் தெரியும். ஊரில் யாரைக் கேட்டாலும் இஞ்ஞாசி பெண்சாதி பொன்னானவள் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தைந்தாம் வருஷத் திருநாளன்று விடியற்காலையில் கடற்கரையில் வந்து இறங்கியிருந்தார்கள். வள்ளம் வள்ளமாக, ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரைச் சனம். நான் விருந்துக்கு ஆள் தேடிப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். யாருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நினைத்தேனோ அவர்களே என் வீட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் இந்த நாளில். நரைத்த தாடியோடு ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண், அவள் மடியில் கிராப்பு வெட்டின ஒரு பிள்ளை தூங்கியது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான், வேறொன்றும் நான் பார்க்கவில்லை. வாங்க, என் வீட்டுக்கு வாங்க, என்றேன். எழுந்து வந்தார்கள். இலையில் உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை பெண்பிள்ளை என்று தெரிந்தது. ஜெபம் சொல்ல வந்திருந்த கோயில் உபதேசியார் முகத்தைச் சுளித்தார், பாலனுக்கு ஆண்பிள்ளைதான் வேண்டும் என்றார். சலேத்து பாயச வாளியோடு நின்றபடி, பசிக்கத் தெரிஞ்சா போதும் உபதேசியாரே, பாலன்தான், என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்கூடச் சிரித்தாள், ஈரத் தலையோடு. சூசையப்பரே இன்னும் கொஞ்சம் சோறு, மாதாவே பாயசம், என்று நாங்கள் உபசரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அகதிகளின் பெயர் எழுதுகிற சர்க்கார் ஆட்கள் வந்துவிட்டார்கள். உபதேசியார் வெளியே போய், இது இஞ்ஞாசி வீட்டில் ஏறியிருக்கிற குடும்பம், புருஷன் பெண்சாதி பிள்ளை, என்று சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். பெயர்களை வெற்றிலை மடிக்கும்போது நான் கேட்டேன். கந்தவனம். பிலோமினா. பிள்ளை ரெஜினா. சைவருக்கு வேதக்காரப் பெண்சாதியா என்று ஒரு கணம் ஓடியது, கலப்புக் கலியாணமாக இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. திருக்குடும்பத்திடம் போய் நீங்கள் ஒரு குடும்பம்தானா என்று யார் கேட்பார்கள்.

மாமா, தண்ணி வெதுவெதுப்பா வைக்கவா, என்று ஜெனோவா உள்ளேயிருந்து கேட்கிறாள். அவள் வைத்துவிடுவாள். தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கிச் சுவரில் சாய்த்திருக்கிறாள், வெயில் அதில் பட்டு என் கண்ணில் அடிக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போடலாம், எழுந்திருக்கவேண்டும். வலது முட்டி. அந்த மூன்று பேரும் எங்கள் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டார்கள். கந்தவனம் அண்ணனை ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். எப்போதும் இரவு ஷிப்டையே கேட்டு வாங்கினார். பகலில் வெளி வராந்தாவில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். என்ன உழைப்பு, என்ன உழைப்பு என்று நான் சொல்லாத ஆள் இல்லை. பிலோமினா அவரை எப்படியும் கூப்பிட மாட்டாள், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். என்ன அடக்கம், என்றேன். பிள்ளை அவரைச் சூசை அப்பா என்றது. ஊரே அவரைச் சூசையப்பர் என்றதால் பிள்ளையும் சொல்கிறது என்று நினைத்தேன். டீக்கடையில் பயல்கள் விடமாட்டார்கள், என்ன சூசையப்பரே, தச்சு வேலை ஒண்ணும் அகப்படலியா என்பார்கள். எங்கயடாப்பா, உளியும் இல்லை, கழுதையும் இல்லை, என்பார். ஒருநாள் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டே, அம்மோனியா நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிய, என்னிடம் சொன்னார். "பெண்சாதியும் என்ர இல்லை, பிள்ளையும் என்ர இல்லை. சூசையப்பருக்கும் உதுதானே தம்பி கதை?" நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சைவராக இருந்துகொண்டு எங்கள் வேதத்தை இவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறாரே என்று வீட்டுக்கு வந்து சலேத்துவிடமும் சொன்னேன். அவள் மீன் செதிலைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நல்லாத்தான் பேசுறாரு, என்றாள். அந்தக் கத்தி நிற்கவே இல்லை, செதில் பறந்துகொண்டே இருந்தது, அதுதான் இத்தனை வருஷம் கழித்து என் கண்ணில் குத்துகிறது. அவளுக்கு அப்போதே தெரியும். அவர்கள் வந்த இரண்டாவது வாரத்திலேயே கிணற்றடியில் துணி துவைக்கும்போது பிலோமினா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என் புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் அக்கா, இந்த ஐயாவை வள்ளத்தில்தான் முதல் முதலாகப் பார்த்தேன், அவருக்கு அங்கே பெண்சாதியும் இரண்டு ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஓடுகிற ஓட்டத்தில் பிரிந்துபோனார்களாம், என்று. சலேத்து அதைக் கேட்டுவிட்டு, நீ இவரிடம் சொல்லாதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன், என்றிருக்கிறாள். நேரம் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பார்த்தாள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ரெஜினா. சலேத்து போன முப்பதாம் நாள் பூசைக்குத் திருச்சிப் பக்கத்து முகாமிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது இப்போது, இன்னும் முகாமில்தான். இதே கொல்லையில், இந்த நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். ஊரில் யார் கந்தவனத்தைப் பற்றிக் கேட்டாலும் சொல்கிறதுதான். மூன்று வருஷம் கூடப்பிறந்தவன் மாதிரி வைத்திருந்தேன், நேர்ச்சை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கழுவின காலோடு பெண்சாதி பிள்ளையை என் தலையில் போட்டுவிட்டு ஓடிப்போனான், என்று. அவன் என்றுதான் சொன்னேன். அண்ணன் என்று சொல்கிறதை அந்த வருஷமே விட்டுவிட்டேன். ரெஜினா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "அவர் என்ர அப்பா இல்லையே மாமா. உங்களுக்குத் தெரியாதா? மாமி சொல்லேல்லையா?" அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம்தான், வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்தும் ஊருக்காக அப்படிப் பேசுகிறேன் என்று. பிறகு அவள் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை போல. அந்த எண்பத்தெட்டாம் வருஷம், ஒப்பந்தம் ஆகி, அக்கரைச் சனத்தைக் கப்பலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். திருநாளன்று காலையில் மீன் லாரி ஓட்டுகிற ஒருவர் செய்தி கொண்டுவந்திருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து கொஞ்சம் பேரை நம் தீவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், மத்தியானக் கப்பல், அதில் ஒரு அம்மாள் இரண்டு பையன்களோடு நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் கந்தவனம் என்று ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள், என்று. நான் அப்போது வாழையிலை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். அண்ணன் சைக்கிளை எடுத்திருக்கிறார். சலேத்து வாசலில் குறுக்கே நின்றிருக்கிறாள். ரெஜினா தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, ஒரு மணி நேரம். இலையில உக்காந்து எந்திரிச்சுப் போயிருங்க. அவரு உசிரே இதுலதான் இருக்கு." அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாராம்.

ஸ்டாண்டு போட்ட அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் அங்கே இல்லை, இருந்தாலும் கேட்கிறது. அவள் சோற்றை மூன்று வருஷம் தின்றவர், எப்படித் தள்ளிக்கொண்டு போவார். நான் சூசையப்பருக்கு நன்றி சொல்ல அவரை உட்கார வைத்தேன், அவர் எங்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தார், நடுவில் கப்பல். ஒரு மணி நேரத்தோடு முடியவில்லை அது. அந்த வருஷம் புதுச் சாமியார் வந்து இலையை மந்திரிக்கிறேன் என்று சொல்லியிருந்தார், வேறு ஊரில் பூசை முடித்து வரத் தாமதமாயிற்று. நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் வருவாரோ தம்பி, என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார், சாமியார் இப்ப வந்திடுவாரோ. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சைவர் ஒருவர் எங்கள் சாமியாருக்காக இப்படித் தவிக்கிறாரே என்று. சலேத்து கதவோரம் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பொய் சொன்னது, மறைத்தது எல்லாவற்றையும் எப்படியாவது தாண்டிவிடுவேன், அவள் திரும்பிச் சிரித்ததைத் தாண்ட முடியவில்லை. சாமியார் வந்தார். ஜெபம். சோறு. பாயசம். அவர் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார், பசி என்று நினைத்து இன்னொரு கரண்டி வைத்தேன். வலது கால், இடது கால். காணும் தம்பி. துண்டைத் தோளில் போட்டுவிட்டேன். சாமியாரை வழியனுப்ப நான் கேட்டுக்கு வெளியே போன நேரத்தில் சைக்கிள் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது. அவர் கப்பல் ஏறுகிற பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் தெரிந்ததாம், கையை ஆட்டினால் தெரியாத தூரம். அன்றைக்கே பொழுது சாய ஒரு வள்ளத்தில் ஏறிவிட்டார். பதிவில் அவருக்குப் பெண்சாதி பிலோமினா அல்லவா, முறைப்படி போவதென்றால் அந்தப் பொய்யை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்தால் பிலோமினாவுக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகுமோ என்று பயந்திருக்கிறார். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆளிடம், தம்பிக்கு நான் போய்க் கடதாசி போடுறன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் அந்த ஆளைப் பார்த்தது சலேத்து. அந்த வார்த்தையும் எனக்கு வந்து சேரவில்லை. வள்ளமும் போய்ச் சேரவில்லை.

வெயில் தாம்பாளத்திலிருந்து நகர்ந்து சுவருக்குப் போய்விட்டது. சோறு வடிக்கிறாள், கஞ்சி வாசம் வருகிறது, அந்த வாசம் வந்தால் இன்றைக்கும் என் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிகிறது. அண்ணன் போன அடுத்த வாரம் நான் கம்பெனிக்குக் கம்ப்ரசர் சாமான் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தேன். திரும்பி வந்தபோது, கடலில் ஒரு பிரேதம் ஒதுங்கியது, முகம் இல்லை, நம் கல்லறையிலேயே ஓரமாக வைத்துவிட்டோம், என்று ஊரில் சொன்னார்கள். ரெஜினா சொன்ன பிறகு அந்தச் சாமியாரைத் தேடிப்போய்க் கேட்டுத்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். சாமியார் சலேத்துவைத்தான் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வேட்டி மூலையில் சிவப்பு நூல். அவளுக்குக் கண்ணாடி வேண்டாம், அவள் தைத்தது. அவள் சாமியாரின் காலில் விழுந்து, என் புருஷனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டாளாம். சாமியாரும் சம்மதித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவள் எங்கள் அப்பா அம்மாவுக்கு மெழுகுதிரி வைத்துவிட்டு, கடல் பக்க மூலைக்குப் போய் அந்த மேட்டுக்கும் ஒன்று வைப்பாள். கடல் கொண்டாந்த சனம், யாருமில்லாத ஆன்மா, என்பாள். மேட்டின் தலைமாட்டில் செவ்வரளி நட்டாள். காற்றில் திரி அணையாமல் நான் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எத்தனை வருஷம். அங்கிருந்து திரும்பும் வழியிலேயே, பெண்சாதியை விட்டு ஓடினவன் என்று அவரைத் திட்டியும் இருக்கிறேன், நேர்ச்சைச் சோற்றைத் தின்றுவிட்டு நன்றி கெட்டவன் என்று. அவள் குடையை எனக்கு மேலாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு வார்த்தை. சந்தையிலிருந்து இலைக்கட்டோடு வந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இலையை அங்கேயே போட்டுவிட்டு அவரைச் சைக்கிளில் வைத்து நானே மிதித்திருப்பேன். மிதித்திருப்பேனா. மிதித்திருப்பேன். அவள் அப்படி நினைக்கவில்லையே, அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறேன். என்னோடு படுத்து எழுந்தவள், என் உடம்பில் எங்கே வலி என்று கேட்காமலே தடவுகிறவள், நான் ஒரு மனுஷனை அவன் பெண்சாதியிடம் போக விடமாட்டேன் என்று நினைத்தாள். அல்லது போக விட்டபின் உடைந்துபோவேன் என்று நினைத்தாள். இரண்டில் எது என்று கேட்க ஆள் இல்லை. கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள், நான்தான் எல்லாம் பார்த்தேன், அவளுடைய காலைக்கூடக் கழுவித் துடைத்தேன். ஒருநாள், போதுங்க, என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது, வாய் கொஞ்சம் திறந்தது, நான் தண்ணீர் கேட்கிறாள் என்று தம்ளரை எடுத்தேன். குடித்தாள்.

பயம் என்னவென்றால், அவளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறது. பகலில் இப்படி உட்கார்ந்திருக்கும்போது அந்த மண்ணின் குளிர் முதுகில் தெரிகிறது, ஐஸ் அறைக்குள் கதவு சாத்திக்கொண்டது மாதிரி. பக்கத்தில் படுத்து நான் என்ன பேசுவேன். சூசையப்பரிடமும் கேட்கிறதற்கு இருக்கிறது. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் என்கிறார்கள் அவரை. அவர் பெயரைச் சுமந்து அவர் இலையில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்த மரணம் அதுதானா. இத்தனை வருஷம் மண்டியிட்டேன், ஒரு தரம் என் காதில் ஊதியிருக்கலாமே. ஆட்டோ சத்தம். ஜெனோவா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள், வாங்க சூசையப்பரே, வாங்க மாதாவே, என்கிறாள், யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, சலேத்துதான். குரல்கூட அவளைப் போலவே நீளுகிறது. நான் எழுந்திருக்கப் போவதில்லை என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்து எழுந்தேன். உள்ளே போனேன். மூன்று மணை, மூன்று இலை. நடு இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், தாடி இல்லை, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை, பாயச வாசம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அரிசி பருப்பு விலை தாங்காமல் அக்கரையிலிருந்து மறுபடியும் வருகிறார்களே, அவர்கள்.

உங்க பேரு என்ன தம்பி, என்று கேட்டேன். ஜெனோவாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமா, என்றாள் மெதுவாக. தயாபரன், ஐயா, என்றான் அவன். இவங்க யாரு? என்ர தங்கச்சி, பிள்ளை தங்கச்சின்ர, மச்சான் வரேல்லை, அங்கதான், என்றான். பிறகு, குடும்பமாத்தான் வரச் சொன்னவையோ ஐயா, என்று பயந்து கேட்டான். இல்லை, இல்லை, என்றேன். தங்கச்சி பெயரையும் பிள்ளையின் பெயரையும் கேட்டேன். எங்கேயாவது அவசரமாகப் போகவேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். அவன் தங்கச்சியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டியும் ஆட்டாமலும் நின்றாள். நான் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் சொன்னான், மச்சான்ர போன் வாற நேரம், முகாமில ஒருத்தரின்ர போனுக்குத்தான் எடுப்பார், நாங்கள் இல்லாட்டி வைச்சிடுவார், பரவாயில்லை ஐயா, நாளைக்கும் எடுப்பார்தானே, என்று. சாமியார் இன்னும் வரவில்லை, இப்போதைய உபதேசியார் போன் பண்ணிக்கொண்டிருந்தார், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாராம், என்றார். சோற்றைப் போடு, என்றேன் ஜெனோவாவிடம். அவள் உபதேசியாரைப் பார்த்தாள். போடு தாயி, என்றேன். நானே சாம்பார் வாளியை எடுத்தேன், இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. சாப்பிட்டார்கள். பிள்ளை பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக்கொண்டது. அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து, வழக்கத்தை யாரோ சொல்லி வைத்திருந்தார்கள் போல, மணையில் மறுபடியும் உட்கார்ந்து கால்களை முன்னால் நீட்டினான். தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுத் துண்டு. அந்தக் காலைப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு இருந்தது. என் முட்டி தானாகவே மடங்கப் பார்த்தது, அத்தனை வருஷத்துப் பழக்கம், கை துண்டுக்குப் போனது. ஆட்டோ நிக்குது, போன் வந்துரும், போயிட்டு வாங்க, என்றேன். அவன் நான் கோபப்பட்டுவிட்டேன் என்று நினைத்துத் தங்கச்சியைப் பார்த்தான். கோபம் இல்லை தம்பி, எந்திரிங்க, என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். பிள்ளைக்கு ஒரு டப்பாவில் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள் ஜெனோவா. அவள் கண் கலங்கியிருந்தது. அத்தை இருந்தா, என்று ஆரம்பித்தாள். அவள் இருந்த வரைக்கும் போதும், என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது, சொல்லவேண்டும், இன்றைக்கே சொல்லவேண்டும், மத்தியானம் அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, சலேத்துவும் இப்படித்தானே நேரம் பார்த்தாள். ஜெனோவா, இங்கே வந்து உட்கார், என்று கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாமியாரின் கார் வாசலில் நின்றது. நான் சொல்லத் தொடங்கினேன். கல்லறையில் கடல் பக்க மூலையில் இருந்த மேடு மழைக்குக் கரைந்து தரையாகிவிட்டது. சலேத்து நட்ட செவ்வரளி நிற்கிறது.